காய்ச்சல் ஊரில், மைக் வாசலில்: புதிய சுகாதார அலுவலருக்கு ஒரு பயிற்சி

ஒரு ஊராட்சியில் ஒரே வாரத்தில் 42 பேருக்குக் காய்ச்சல், ஒரு குழந்தை இறந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். காலை எட்டு மணிக்கு உங்கள் போன் அடிக்கத் தொடங்குகிறது. நீங்கள் எடுக்கவில்லை. பத்து மணிக்கு டிவியில் ‘மர்மக் காய்ச்சல்’ ஓடுகிறது. பெயர் வைத்தது நிருபர்தான். ஆனால் அதற்கு இரண்டு மணி நேரம் இடம் கொடுத்தது நாம். இந்தக் கற்பனைச் சம்பவத்தை வைத்தே பழகுவோம்.

படி 1: யார் பேசுவது?

இதைக் காய்ச்சல் வரும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். மாவட்ட ஆட்சியரிடம் பேசி, யார் பேட்டி தரலாம், அவர் இல்லாதபோது யார் என்று எழுத்தில் வாங்கி வையுங்கள். மக்கள் தொடர்பு அலுவலரின் எண்ணும் உள்ளூர் நிருபர்களின் எண்களும் போனில் இருக்கட்டும். எண்ணிக்கை சொல்லும்போது ‘நேற்று இரவு 8 மணி நிலவரப்படி’ என்று நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஆட்சியர் 42 என்பார், நீங்கள் 47 என்பீர்கள், மறுநாள் தலைப்பே அதுதான்.

படி 2: முதல் அறிக்கை

ஒரு மணி நேரத்துக்குள் போக வேண்டியது. முழு விவரத்துக்காகக் காத்திருக்காதீர்கள். மாதிரி இதோ:

“இந்த ஊராட்சியில் நேற்று இரவு 8 மணி வரை 42 பேருக்குக் காய்ச்சல். ஒரு குழந்தையை இழந்திருக்கிறோம். அந்தக் குடும்பத்தின் துயரத்தில் பங்கெடுக்கிறோம். என்ன காய்ச்சல் என்று இன்னும் உறுதியாகவில்லை. ரத்த மாதிரிகள் ஆய்வகத்துக்குப் போயிருக்கின்றன. மூன்று குழுக்கள் வீடு வீடாகப் பார்த்து வருகின்றன. காய்ச்சல் வந்தால் கடையில் மாத்திரை வாங்கிச் சமாளிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். அடுத்த தகவல் இன்று மாலை 5 மணிக்கு.”

இதில் ‘போர்க்கால அடிப்படையில்’ இல்லை, கவனித்தீர்களா? ‘மூன்று குழுக்கள்’ என்றால் மனக்கண்ணில் ஆட்கள் தெரிகிறார்கள். ‘பொதுமக்கள் பீதியடைய வேண்டாம்’ என்பதையும் விட்டுவிட்டேன். அதுவரை சும்மா இருந்தவருக்கும் அதைக் கேட்டதும்தான் வயிற்றைக் கலக்கும்.

குழந்தையின் பெயர், தெரு எதுவும் வேண்டாம். சின்ன ஊரில் வயதைச் சொன்னாலே வீடு தெரிந்துவிடும்.

படி 3: தெரியாததை எப்படிச் சொல்வது

பலரும் சறுக்குவது இங்கேதான். 2001 அக்டோபரில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒருவருக்கு ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய கிருமி நோய் உறுதியானது. அப்போதைய சுகாதார அமைச்சர் டாமி தாம்சன், அவர் ஒரு ஓடையில் தண்ணீர் குடித்ததாகச் சொன்னார். இது ஒற்றைச் சம்பவம் என்றும் சொன்னார். பிறகுதான் தபால் உறைகளில் கிருமியை வைத்து யாரோ அனுப்பியது தெரியவந்தது. மொத்தம் 5 பேர் இறந்தார்கள். ஓடை ஒரு ஊகம். அமைச்சர் வாயில் வந்ததும் அது செய்தியாகிவிட்டது.

உண்மையான முடிவைச் சொல்வதிலும் கவனம் வேண்டும். 2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிபா பரவியபோது, முதலில் சோதித்த வௌவால் மாதிரிகளில் வைரஸ் இல்லை என்று முடிவு வந்தது. அப்படியானால் வௌவால் காரணமில்லையோ என்று குழப்பம். ஆனால் அவை பூச்சி தின்னும் வௌவால்கள். பின்னால் அந்தப் பகுதியின் பழந்தின்னி வௌவால்களில் வைரஸ் கண்டறியப்பட்டது. ‘இந்த மாதிரிகளில் இல்லை, மற்ற வகையைச் சோதித்து வருகிறோம்’ என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும்.

படி 4: மூன்றே செய்தி

நெருக்கடி நேரத்தில் எப்படிப் பேசுவது என்பதில் வல்லுநரான அமெரிக்கர் வின்சென்ட் கோவெல்லோவின் கணக்கு: 3 செய்தி, மொத்தம் 27 சொல், 9 விநாடி. அது ஆங்கிலத்துக்குச் சரி. நம் சொற்கள் நீளம். 15 சொல்லுக்கே மூச்சு வாங்கும். அதனால் சொல்லை எண்ணாமல் போனில் விநாடியைப் பாருங்கள். என்ன தெரியும், என்ன செய்கிறோம், மக்கள் என்ன செய்ய வேண்டும். டிவியில் போட ‘பைட்’ (சில விநாடிப் பேச்சுத் துண்டு) கேட்பவருக்கு இது போதும்.

படி 5: ஒத்திகை

சக ஊழியரை நிருபராக்கி, போன் கேமராவை முகத்துக்கு நேரே நீட்டச் சொல்லுங்கள். கடுமையான கேள்வியிலிருந்து ஆரம்பிக்கட்டும்: “டாக்டர்களின் அலட்சியத்தால்தானே குழந்தை இறந்தது?”

“அலட்சியம் எதுவும் இல்லை” என்றால் கீழே ஓடும் வரி, ‘அலட்சியம் இல்லை: அதிகாரி மறுப்பு’. அவர் போட்ட சொல்லைத் திருப்பிச் சொல்லாமல் பதில் சொல்லுங்கள்: “குழந்தை எப்போது வந்தது, என்ன சிகிச்சை தரப்பட்டது என்று விசாரிக்கிறோம். முடிந்ததும் நானே உங்களிடம் சொல்வேன்.” பிறகு வீடியோவைப் போட்டுப் பாருங்கள். வெட்கமாகத்தான் இருக்கும். மூன்றாவது தடவையில் சரியாகிவிடும்.

அப்புறம், பேட்டி முடிந்து காருக்கு நடக்கும்போது “சார், நமக்குள்ள சொல்லுங்க” என்பார்கள். சட்டையில் குத்திய மைக்கை இன்னும் கழற்றியிருக்க மாட்டார்கள்.

படி 6: மாலை 5 மணி

ஆய்வக முடிவு வரவில்லையா? இருந்தாலும் 5 மணிக்குப் போய் நில்லுங்கள். “முடிவு இன்னும் வரவில்லை, நாளை காலை 10 மணிக்கு மறுபடி சந்திப்போம்” என்று சொல்லிவிட்டு, மாத்திரை விஷயத்தை இன்னொரு முறை சொல்லுங்கள். காலையில் வராத நிருபர் யாராவது அப்போது வந்திருப்பார்.