ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பும் குடும்பங்கள் பணத்தைக் கோட்டைவிடும் இடங்கள்

வீட்டுக்கே போய் பிசியோதெரபி கொடுப்பது என் வேலை. இடுப்பு மூட்டு மாற்றியவர்கள், முழங்கால் மாற்றியவர்கள், பைபாஸ் ஆனவர்கள் என்று பல வீடுகள். பயிற்சியைப் பற்றிக் கேட்பதற்கு முன் செலவைப் பற்றித்தான் பேச்சு வரும். எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் நடந்த அதே தவறுகளைப் புதுக் குடும்பங்களும் செய்வதைப் பார்க்கிறேன். மாத்திரையை நேரத்துக்குக் கொடுங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை.

டிஸ்சார்ஜோடு இன்சூரன்ஸ் முடிந்தது என்று நினைப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஆஸ்பத்திரி பில் கேஷ்லெஸ்ஸில் போயிற்று, இனி ஒன்றுமில்லை என்று கார்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். பெரும்பாலான பாலிசிகளில் டிஸ்சார்ஜ் ஆன பிறகு 60 நாள் வரை ஆகும் செலவும் சேர்த்திதான். சிலவற்றில் 90 நாளுக்கு மேலும் உண்டு. அதே நோய்க்கான மருந்து, ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ரிவ்யூவுக்கு டாக்டர் ஃபீஸ் எல்லாம் இதில் வரும். டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் பல பாலிசிகளில் பிசியோதெரபியும் வரும். ஆனால் தானாக வராது. கையிலிருந்து கட்டிவிட்டு, பில்களோடு தனியாக விண்ணப்பித்து வாங்க வேண்டும்.

ஒரு வீட்டில் அம்மாவுக்கு இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன். மகன் பொறுப்பானவர், ஒரு சீட்டைக்கூடத் தூக்கிப் போடாமல் மஞ்சள் பையில் சேர்த்து வைத்திருந்தார். ஆனால் இன்சூரன்ஸுக்கு அனுப்பியது வாக்கர், கமோட் சேர், ஏர் பெட் பில்களை மட்டும். முடியாது என்று பதில் வந்துவிட்டது. மருந்து பில்லை அனுப்பலாமே என்று பையைக் கொட்டிப் பார்த்தோம். பாதி வெறும் எஸ்டிமேட் சீட்டு. பில் நம்பர் கிடையாது, பேஷண்ட் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘கேஷ்’ என்று இருந்தது. மீதியில் எழுத்து வெளுத்துப்போயிருந்தது. அந்த வழவழப்பான தாள் சூடு பட்டால் அப்படித்தான் ஆகும். டிஸ்சார்ஜ் சம்மரியில் பிசியோதெரபி என்று ஒரு வரி இல்லை. எனக்குக் கொடுத்த ஃபீஸில் ஒரு ரூபாய்கூட அவர்களுக்குத் திரும்பவில்லை.

கிடைக்காததைக் கேட்டு அலைகிறார்கள், கிடைப்பதைக் கேட்காமல் விடுகிறார்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பட்டியல் ஒன்று இருக்கிறது, 68 பொருள்கள். வாக்கர், ஏர் பெட், இடுப்பு பெல்ட், வெளியே பயன்படுத்தும் ஆக்சிஜன் சிலிண்டர், தனி நர்ஸ் சம்பளம் எல்லாம் அதில் வரும். பாலிசியில் தனியாகச் சேர்த்திருந்தால் தவிர இவற்றுக்குப் பணம் கேட்டுப் பயனில்லை. மருந்துக்கும் பிசியோவுக்கும் இன்சூரன்ஸ், சாமான்களுக்கு இரவலோ வாடகையோ என்று முதல் நாளே பிரித்துக்கொள்ளுங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று படியுங்கள். பிசியோதெரபி தேவை, எத்தனை வாரம் என்று எழுதச் சொல்லுங்கள். அன்றைக்குக் கேட்டால் இரண்டு நிமிட வேலை. மருந்துக் கடையில் பேஷண்ட் பெயரும் டாக்டர் பெயரும் போட்ட பில் கேளுங்கள். அன்றன்றே போனில் படம் எடுங்கள், ஒரிஜினலையும் வையுங்கள். பிசியோதெரபிஸ்டிடம் தேதிவாரியாக ரசீது வாங்குங்கள். அந்த 60 நாள் முடிந்த பிறகு விண்ணப்பிக்கப் பல பாலிசிகளில் 15 நாள்தான் அவகாசம்.

முதல்வர் காப்பீட்டு அட்டையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது

தமிழக அரசின் இந்தக் காப்பீட்டில், குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. ஆனால் நீங்கள் ஏற்கெனவே கட்டிய பணத்தைத் திருப்பித் தரும் திட்டம் அல்ல அது. ஆபரேஷனுக்குத் தேதி குறித்த அன்றே வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்றுக்குப் போங்கள்.

இ.எஸ்.ஐ. என்றால் மருந்து மட்டும்தான் என்பது

இ.எஸ்.ஐ. என்பது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு. அதில் இருப்பவர் சம்பளமில்லாமல் படுத்திருக்கும் நாள்களுக்கு, உரிய சந்தா கட்டியிருந்தால், சம்பளத்தில் 70 சதவீதம் வரும், ஆண்டில் 91 நாள் வரை. இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் மருத்துவச் சான்றிதழை உடனே வாங்கத் தொடங்குங்கள். வேலைக்குத் திரும்பிய பிறகு போய் நின்றால் அலைச்சல்தான்.

பயிற்சிக்குக் காசில்லை என்று நிறுத்திவிடுவது

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கு வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

ஆஸ்பத்திரிக்கு எதிரிலுள்ள கடையில் எல்லாவற்றையும் புதிதாக வாங்குவது

டிஸ்சார்ஜ் அன்று பதற்றத்தில் கட்டில், ஏர் பெட், வீல்சேர் என்று வாங்கிக் குவிப்பார்கள். மூட்டு மாற்றியவர்களில் பலருக்கு வாக்கரும் கமோட் சேருமே போதும், அதுவும் சில வாரத்துக்கு. பல ஊர்களில் லயன்ஸ், ரோட்டரி சங்கங்கள் இவற்றை இரவல் தருகின்றன. தெருவில் விசாரித்தால் யார் வீட்டுப் பரணிலாவது ஒரு வாக்கர் கிடக்கும். அறுபது வயது தாண்டிய ஏழை முதியவர்களுக்கு மத்திய அரசின் வயோஸ்ரீ திட்டத்திலும் இலவசமாகக் கிடைக்கும், ஆனால் முகாம் வைத்துக் கொடுப்பது அது. டிஸ்சார்ஜ் அன்றைக்கு அதை நம்பியிருக்க முடியாது.

வாடகைக்கு எடுத்தால் டெபாசிட் தொகையை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

வீல்சேர்

குளியலறைக் கதவை டேப் வைத்து அளக்காமல் எடுக்காதீர்கள்.

இரவல் வாக்கரை அப்படியே கொடுப்பது

முந்தைய ஆளின் உயரத்துக்கு இருக்கும். கையைத் தொங்கவிட்டு நிற்கவைத்து, பிடி மணிக்கட்டுக்கு நேராக வரும்படி நான்கு கால்களையும் ஒரே துளைக்கு மாற்றுங்கள். அடியில் ரப்பர் தேய்ந்திருந்தால் அதை மட்டும் புதிதாக வாங்குங்கள்.