பர்கரில் வைக்கும் வேகாத வெங்காயம்

2024 அக்டோபரில் அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் பர்கர் உண்டவர்களிடையே ஈ.கோலை என்ற குடல் கிருமியின் தொற்று பரவி, 14 மாநிலங்களில் 104 பேர் நோயுற்று ஒருவர் இறந்தபோது, சந்தேகம் முதலில் இறைச்சி மீதும் விழுந்தது. விசாரணை இறுதியில் சுட்டியதோ, மெல்லியதாக நறுக்கி வைத்த வேகாத வெங்காயத்தை. இறைச்சி 71 டிகிரி செல்சியஸில் வெந்தால் அக்கிருமி மடிந்துவிடும். நறுக்கிப் பையில் வரும் வெங்காயத்துக்கும் லெட்டூஸ் கீரைக்கும் அந்தச் சூடு கிடைப்பதில்லை, அலசினாலும் கிருமி முழுமையாகப் போவதில்லை. ஆகவே குழந்தைகளுக்கும் முதியோருக்கும் வாங்கும்போது, அவற்றை வைக்காமலே தரும்படி முன்கூட்டியே கேளுங்கள். பிறகு எடுத்துப் போட்டாலும் வெங்காயச் சாறு ரொட்டியில் ஊறியிருக்கும். உண்டு 3, 4 நாள் கழித்து இரத்தம் கலந்த பேதி வந்தால், வீட்டில் மிஞ்சிய ஆன்டிபயாடிக்கை விழுங்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். இக்கிருமியின் நச்சு சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியது, ஆன்டிபயாடிக் அந்த ஆபத்தைக் கூட்டலாம்.