நார்வே கடலோரக் கப்பலில் ஏறுமுன்

நார்வேயின் பெர்கனில் புறப்பட்டு, ரஷ்ய எல்லையை ஒட்டிய கிர்கெனஸ் வரை போய்த் திரும்பும் கப்பல் இது. வழியில் 34 துறைமுகங்கள், போக வர 12 நாள். 1893இல் தபாலும் சரக்கும் ஆட்களும் ஏற்றிப் போகத் தொடங்கிய சேவை. இன்றும் அடுத்த ஊரில் இறங்க ஏறுபவர்கள் உண்டு, கீழ்த்தளத்தில் சரக்கும் உண்டு. ஊர் ஊராக நின்று போகும் பஸ் மாதிரிதான். சொகுசுக் கப்பல் என்று நினைத்து ஏறினால் ஏமாற்றம்தான்.

பலரும் செய்யும் பெரிய தவறு, வழியெல்லாம் ஃபியோர்டுதான் (செங்குத்தான மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீளும் கடல்) என்று எதிர்பார்ப்பது. பெரும்பாலான நேரம் கப்பல் கரைக்கும் தீவுகளுக்கும் நடுவே போகிறது. உள்ளே நீண்டு கிடக்கும் ஃபியோர்டுகளுக்குள் அது நுழைவது குறைவு, அதுவும் பருவத்தைப் பொறுத்தது. புகழ்பெற்ற கெய்ராங்கர் ஃபியோர்டுக்குள் போவது வடக்கே போகும்போது மட்டும், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. லோஃபோட்டன் தீவுகள் பக்கமுள்ள ட்ரோல்ஃபியோர்டின் வாயே சுமார் 100 மீட்டர் அகலம்தான்; பனிச்சரிவு பயத்தால் குளிர்காலத்தில் உள்ளே போவதில்லை. ஆக, டிக்கெட் போடும் முன் எந்த மாதம் என்பதை முடிவு செய்யுங்கள். ஜூலையில் வந்து, இரவு வானில் வண்ணமாய் அலையும் வடதுருவ ஒளியைத் தேடுபவர்களும் இருக்கிறார்கள்! நள்ளிரவிலும் சூரியன் மறையாத வானத்தில் அது எங்கே தெரியும்? அதற்கு செப்டம்பர் முதல் மார்ச் வரை வர வேண்டும்.

இன்னொன்று, திரும்பும் பயணத்தை வீண் என்று நினைத்துக் கிர்கெனஸிலேயே விமானம் ஏறிவிடுவது. ஏழு சகோதரிகள் மலைத்தொடர் இருக்கும் ஹெல்கெலாண்ட் கரையை வடக்கே போகும்போது இரவில்தான் கடக்கிறோம், பெரும்பகுதி தூக்கத்தில் போய்விடும். தெற்கே வரும்போது அதே கரை பகலில் வருகிறது. விடுமுறை குறைவு என்றால் என் ஓட்டு தெற்கு நோக்கிய பாதிக்குத்தான். கெய்ராங்கர் கிடைக்காது, சரி, போகட்டும்.

எல்லா நிறுத்தத்திலும் இறங்கி ஊர் சுற்றலாம் என்றும் நினைக்காதீர்கள். சில இடங்களில் கால் மணி நேரம்தான். சாமான் ஏறியதும் கிளம்பிவிடும். ட்ரோன்ட்ஹெய்ம், ட்ரோம்ஸோ போன்ற ஊர்களில் சில மணி நேரம் கிடைக்கும். அப்போதும் கப்பல் வாசலில் எழுதியிருக்கும் புறப்படும் நேரத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு இறங்குங்கள்.

தீவுகள் மறைப்பதால் கடல் பெரும்பாலும் அமைதிதான். ஆனால் ஹுஸ்டாட்விகா, போடோவுக்கும் லோஃபோட்டனுக்கும் நடுவிலுள்ள வெஸ்ட்ஃபியோர்டு போன்ற திறந்த பகுதிகளில் நன்றாக ஆட்டும். குமட்டல் வருபவர்கள் அங்கே போவதற்கு முன்பே மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும். வாந்தி வந்த பிறகு போட்டால் உள்ளே தங்காது.

ரொக்கம் நிறையக் கொண்டுபோகத் தேவையில்லை, நார்வேயில் கார்டே போதும். மீனும் இறைச்சியும்தான் கப்பல் சாப்பாட்டின் பெரும்பங்கு, சைவக்காரர்கள் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.