போன் போகும், பவர்பேங்க் போகாது: வெளிநாட்டுக்குப் பேட்டரிப் பொருள் அனுப்புவது எப்படி?

சிங்கப்பூரிலிருந்து அம்மாவுக்கு ஒரு போன், தம்பிக்கு ஒரு புளூடூத் ஸ்பீக்கர், கூடவே ஒரு பவர்பேங்க். மூன்றையும் ஒரே பெட்டியில் போட்டு அஞ்சலகத்துக்குத் தூக்கிப் போகாதீர்கள். பவர்பேங்கை வெளியே எடுத்துவிட்டு, கீழே உள்ளபடி செய்யுங்கள்.

படி 1: பேட்டரி எங்கே இருக்கிறது?

விமான அஞ்சலில் சாதனத்துக்குள் பொருத்திய லித்தியம் பேட்டரிக்கு மட்டும்தான் இடம். கேமராவுக்கான உபரி பேட்டரியை அதே பெட்டியில் தனியாக வைத்தாலும் செல்லாது. பவர்பேங்க்கும் தனி பேட்டரிக் கணக்குதான். யூஎஸ்பி துளை இருக்கிறதே என்று கவுன்டரில் வாதாடிப் பயனில்லை. பேட்டரிக்குள் இருக்கும் செல் (மின்கலம்) ஒன்று சூடேறிப் பற்றினால் பக்கத்து செல்லும் பற்றும், அணைப்பது கடினம். 2010 செப்டம்பரில் லித்தியம் பேட்டரிகளை ஏற்றிச் சென்ற சரக்கு விமானம் ஒன்று தீப்பிடித்துத் துபாயில் விழுந்து விமானிகள் இருவரும் இறந்தார்கள்.

படி 2: வாட்-அவர் கணக்கு

வாட்-அவர் (Wh) என்பது பேட்டரி தேக்கிவைக்கும் மின்னாற்றலின் அளவு. பேட்டரி லேபிளில் உள்ள எம்ஏஎச் (mAh) எண்ணை 1000-ஆல் வகுத்து, வோல்ட்டால் பெருக்குங்கள். 5000 எம்ஏஎச், 3.85 வோல்ட் என்றால் 19.25 வாட்-அவர். வரம்பு, பல செல் சேர்ந்த பேட்டரிக்கு 100. ஒற்றை செல்லுக்கு 20. இந்த 20-ஐப் பலரும் கவனிப்பதில்லை. 6000 எம்ஏஎச் போனில் ஒரே செல் இருந்தால் 23 தாண்டிவிடும், ஆகவே வாங்கும் முன்பே பாருங்கள். லேப்டாப் பெரும்பாலும் 100-க்குள் அடங்கும். மின்சைக்கிள் பேட்டரியை மறந்துவிடுங்கள்.

ஒரு பார்சலில் அதிகபட்சம் இரண்டு பேட்டரி, அல்லது நான்கு செல். போனும் ஸ்பீக்கரும் சேர்ந்து போகலாம். பல செல் பேட்டரி உள்ள மூன்றாவது பொருளுக்குத் தனிப் பெட்டி.

படி 3: அந்த நாடு ஏற்குமா?

எல்லா நாட்டு அஞ்சல் துறையும் ஏற்பதில்லை, பட்டியலும் மாறும். அனுப்பும் வாரத்தில் சிங்கப்பூர் அஞ்சல் நிறுவனமான சிங்போஸ்ட்டிடம் கேட்டுவிடுங்கள்.

படி 4: கட்டுவது

சாதனத்தை முழுவதும் அணையுங்கள், ஸ்லீப்பில் விடாதீர்கள். பவர் பொத்தான் அழுந்தாதபடி அதன்மேல் அட்டை வையுங்கள். உறுதியான பெட்டியில், குலுக்கினால் சத்தம் வராத அளவுக்கு அடையுங்கள். முதுகு உப்பிய பழைய போனை எந்த வகையிலும் அனுப்பக்கூடாது.

படி 5: சுங்கப் படிவம்

'பரிசு' என்று மட்டும் எழுதினால் போதாது. 'கைப்பேசி, உள்ளே லித்தியம் பேட்டரி' என்று ஆங்கிலத்தில் எழுதி, உண்மையான விலையைப் போடுங்கள். மறைத்தாலும் எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும், அப்புறம் பார்சல் எங்கே நிற்கும் என்று தேட வேண்டியதுதான்.

சரி, அந்தப் பவர்பேங்க்? ஊருக்குப் போகிறவர் யாராவது கைப்பையில் கொண்டு போகட்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. 3.7 வோல்ட், 20000 எம்ஏஎச் என்றால் 74 வாட்-அவர்தான், பிரச்சினையில்லை. 100-க்கு மேல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் 2025 ஏப்ரல் 1 முதல் பறக்கும்போது பவர்பேங்கால் போனுக்குச் சார்ஜ் ஏற்றவும் தடை. அதையும் அவரிடம் சொல்லி அனுப்புங்கள்.