கனடா: ஒர்க் பெர்மிட்டிலிருந்து குடியுரிமை வரை கணக்குத் தப்பும் இடங்கள்

"வேலையில் சேர்ந்து ஒரு வருஷம் ஆச்சு, பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு) போட்டுடலாம்" என்று காலண்டரைப் பார்த்துக் கிளம்புவதுதான் முதல் தவறு. கனடாவில் வேலை பார்த்தவர்கள் பி.ஆர். வாங்கும் வழியான கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் கிளாஸில் கேட்பது, விண்ணப்பிப்பதற்கு முந்தைய மூன்று வருஷத்துக்குள் 1,560 மணி நேர வேலை. வாரத்துக்கு 30 மணி நேரம்தான் கணக்கு. ஓவர்டைம் பார்த்து எட்டு மாதத்தில் முடிக்கலாம் என்பது நடக்காது. முழுநேரமாகப் படித்துக்கொண்டே பார்த்த வேலையும் சேராது.

அடுத்தது கம்பெனி லெட்டர். ஆஃபர் லெட்டரும் பே ஸ்லிப்பும் மட்டும் போதாது. பதவி, சேர்ந்த தேதி, வார மணி நேரம், சம்பளம், செய்த வேலைகள் எல்லாம் லெட்டர்ஹெட்டில் வேண்டும். என்.ஓ.சி. (கனடா அரசின் தொழில் வகைப் பட்டியல்) பக்கத்தில் உள்ள வரிகளை அப்படியே ஒட்டினால் அதிகாரிக்குச் சந்தேகம் வரும். பி.ஆர்.க்கு விண்ணப்பிக்கச் சொல்லி அரசின் அழைப்பு வந்தபின் 60 நாள்தான் அவகாசம். அதற்குள் மேனேஜரைப் பிடித்துக் கையெழுத்து வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. லெட்டரை முன்பே வாங்கி வையுங்கள். ஐ.இ.எல்.டி.எஸ். (ஆங்கிலத் தேர்வு) ரிசல்ட் இரண்டு வருஷம்தான் செல்லும். விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் நாளிலும் அது உயிரோடு இருக்க வேண்டும்.

கூட வராத மனைவி, பிள்ளைகளையும் படிவத்தில் காட்டியே ஆக வேண்டும். விட்டுவிட்டால், பின்னால் ஸ்பான்சர் செய்யும் வழியே அடைபடக்கூடும். இங்கே உள்ளவற்றில் ஆகப் பெரிய தவறு இதுதான்.

குடியுரிமைக்கு, கடைசி ஐந்து வருஷத்தில் 1,095 நாள் கனடாவுக்குள் இருந்திருக்க வேண்டும். பி.ஆர். ஆவதற்கு முன் இருந்த ஒவ்வொரு நாளும் அரை நாளாகத்தான் சேரும். அதுவும் 365 நாளுக்கு மேல் ஏறாது. மூன்று வருஷம் ஒர்க் பெர்மிட்டில் இருந்தாலும் கிடைப்பது 365தான். கிளம்பிய நாளும் திரும்பிய நாளும் கனடாவில் இருந்ததாகவே எண்ணப்படும்: வெள்ளிக்கிழமை எல்லை தாண்டி அமெரிக்காவின் பஃபலோ போய் ஞாயிறு திரும்பினால் கழிவது சனிக்கிழமை மட்டும். காரில் போனதை யார் பார்த்தார்கள் என்று விட்டுவிடாதீர்கள், எல்லையில் பதிவாகியிருக்கும். சரியாக 1,095ல் அனுப்பாமல், பத்துப் பதினைந்து நாள் கூடுதலாகச் சேர்ந்ததும் அனுப்புங்கள். ஐந்தில் மூன்று வருஷ வரிக் கணக்கையும் பார்ப்பார்கள்.

சத்தியப்பிரமாணம் எடுத்ததுமே இந்தியக் குடியுரிமை போய்விடும். பழைய பாஸ்போர்ட்டில் இன்னும் நான்கு வருஷம் பாக்கி இருந்தாலும் அதைக் காட்டிப் பயணம் செய்வது குற்றம். அதை ஒப்படைத்துச் சரண்டர் சான்றிதழ் வாங்கிய பிறகே ஓ.சி.ஐ.க்கு (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) போக முடியும்.