ஜிங்க் போர்டில் யூஆர்ட் பேசவில்லையா? பின் அமைப்பைப் பாருங்கள்

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் இறுதியாண்டு ப்ராஜெக்ட் என்றாலே வாய்க்கால் மதகில் நீர்மட்டம் அளக்கிற கருவிதான். அதற்கு ஜிங்க்-7000 போர்டை (ப்ராசஸரும், நாமே சுற்று அமைத்துக்கொள்ளும் எஃப்பிஜிஏவும் ஒரே சிப்பில்) வாங்கிவைத்துக்கொண்டு சென்சாரை எந்தப் பின்னில் கோப்பது என்று முழிப்பவர்களுக்கு இது.

ப்ராசஸருக்கென்றே 54 எம்ஐஓ பின்கள் (எந்த வேலைக்கு என்று நாமே ஒதுக்கும் பின்கள்), 0 முதல் 53 வரை. விவாடோவில் (இந்தச் சிப்பை வடிவமைக்கும் மென்பொருள்) ஜிங்க் பிளாக்கை இரட்டைக் கிளிக் செய்து, யூஆர்ட், ஐ2சி என்று சென்சாரோடு பேசும் சீரியல் இணைப்புகளில் எது வேண்டுமோ டிக் செய்து பின்னைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் போர்டு செய்தவர் ஃபிளாஷ், ஈத்தர்நெட் என்று ஏற்கெனவே நிறையப் பின்களைப் பிடித்திருப்பார், போர்டின் சுற்றுப்படமான ஸ்கிமேட்டிக்கைப் பார்க்காமல் தொடாதீர்கள். 7, 8 இரண்டும் வெளியீடு மட்டும்தான், அதில் ஸ்விட்சை இணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

எம்ஐஓவில் இடம் போதவில்லையா? அதன் நீட்சியான இஎம்ஐஓ இருக்கிறது. சிக்னல் எஃப்பிஜிஏ வழியாக வெளியே வரும், அதனால் எக்ஸ்டிசி கோப்பில் (பின் விவரங்களை விவாடோவுக்குச் சொல்லும் கோப்பு) பின் பெயரும், மின்னழுத்த வகையைச் சொல்லும் ஐஓ ஸ்டாண்டர்டும் எழுத வேண்டும் (எம்ஐஓவுக்கு இது தேவையில்லை), எஃப்பிஜிஏவை அமைக்கும் பிட்ஸ்ட்ரீம் கோப்பு ஏறாத வரை அந்தப் பக்கம் மூச்சே இருக்காது. அங்கே ஜிபிஐஓ (பொதுப் பயன்பாட்டுப் பின்) எண் 54-ல் தொடங்கும்.

அப்புறம், பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: எம்ஐஓவை மாற்றினால் ஹார்ட்வேரை மறுபடி எக்ஸ்போர்ட் செய்து எஃப்எஸ்பிஎல்லையும் (போர்டு பூட் ஆகும்போது முதலில் ஓடும் நிரல்) புதிதாக பில்ட் செய்யுங்கள். பின்களை நிஜமாகவே அமைப்பது அதிலுள்ள பிஎஸ்7 இனிட் கோடுதான். பிட்ஸ்ட்ரீமை மட்டும் மாற்றிவிட்டு யூஆர்ட்டின் டிஎக்ஸ் (அனுப்பும்), ஆர்எக்ஸ் (பெறும்) ஒயரை மாற்றி மாற்றிச் சொருகிக்கொண்டிருந்தால், மேட்டூர் திறந்து கடைமடைக்கே தண்ணீர் வந்துவிடும், டெர்மினலில் ஓர் எழுத்து வராது. லினக்ஸ் ஓட்டுகிறீர்கள் என்றால் டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்னென்ன இருக்கிறது என்று லினக்ஸுக்குச் சொல்லும் கோப்பு) அந்த யூஆர்ட்டின் ஸ்டேட்டஸ் 'ஓகே' என்று இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.