பழைய கணினியில் லினக்ஸ்: முதல் தடவை போடுபவர்கள் விடும் பிழைகள்

விண்டோஸ் 10-க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்திய கணினிகளை விண்டோஸ் 11 பெரும்பாலும் சேர்த்துக்கொள்வதில்லை. கொரோனா காலத்தில் சூம் வகுப்புக்கென்று அட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் வாங்கிய பாவித்த லேப்டாப்புகள் பல இந்த வகைதான். விண்டோஸுக்குப் பதிலாக இலவச இயங்குதளமான லினக்ஸ் போட்டால் அவை இன்னும் சில வருடங்கள் நன்றாக ஓடும். போட முயல்பவர்களும் இப்போது கூடியிருக்கிறார்கள். ஆனால் நாங்கள் அந்தக் காலத்தில் விட்ட அதே பிழைகளைத்தான் அவர்களும் விடுகிறார்கள். 8 ஜிபி பென் டிரைவ் வேண்டும், லினக்ஸை இறக்கும் ஐஎஸ்ஓ கோப்பை வெறுமனே கொப்பி பண்ணினால் கிளம்பாது, பென் டிரைவைத் தயார் செய்யும் ரூஃபஸ் அல்லது வென்டாய் மென்பொருளைப் பாவிக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லா வீடியோவிலும் இருக்கிறது. அதை இங்கே சொல்லப்போவதில்லை.

பேரைக் கேட்டு மயங்குவது

லினக்ஸில் பல வகை உண்டு. ஏ/எல் படிக்கும் பிள்ளைகள் முதலில் கேட்பது காளி லினக்ஸ். அது வலையமைப்புப் பாதுகாப்பைச் சோதிப்பவர்களுக்காகச் செய்தது. லினக்ஸுக்குப் புதியவர்களுக்கு அதைப் பரிந்துரைப்பதில்லை என்று அதை உருவாக்குபவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். வீட்டுக் கணினிக்கு லினக்ஸ் மின்ட் போதும். 8 ஜிபி ரேம் இருந்தால் சினமன் பதிப்பு, 4 ஜிபி என்றால் அதைவிட இலேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 2 ஜிபி ரேமில் எதைப் போட்டாலும் பிரவுசரில் நாலு பக்கம் திறந்ததும் திணறும். கையில் இருக்கும் காசை முதலில் ரேமுக்கும் ஒரு சிறிய எஸ்எஸ்டிக்கும் போடுங்கள்.

இன்னொரு வகையான உபுண்டுதான் வேண்டுமென்றால் எல்டிஎஸ் என்ற நீண்ட கால ஆதரவுப் பதிப்பையே எடுங்கள். அதற்கு ஐந்து வருட ஆதரவு உண்டு. இடையில் வரும் பதிப்புகளுக்கு ஒன்பது மாதம்தான். 4ஜி ரூட்டரில் டேட்டா எண்ணி எண்ணிப் பாவிக்கும் வீட்டில் ஒன்பது மாதத்துக்கு ஒருமுறை பதிப்பு மாற்றுவது சரிவராது. மின்ட் 22 வரிசை உபுண்டு 24.04-இன் மேல் கட்டியது, 2029 வரை ஆதரவு இருக்கிறது.

32 பிட் தேடுவது

வேண்டாம். பழைய இன்டெல் கோர் 2 டியோ செயலி கூட 64 பிட்தான், 64 பிட் பதிப்பே அதில் ஓடும்.

ஓட்டிப் பார்க்காமல் நிறுவுவது

பென் டிரைவில் இருந்தே மின்ட் முழுதாக ஓடும். நிறுவுவதற்கு முன் ஒரு மணித்தியாலம் அப்படியே பாவித்துப் பாருங்கள். வைஃபை, ஒலி, கேமரா, திரை வெளிச்சம், மூடித் திறந்ததும் விழிக்கிறதா என்று எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். பழைய லேப்டாப்புகளில் அடிக்கடி மக்கர் பண்ணுவது பிராட்காம் வைஃபை. வைஃபை வராவிட்டால் பதற வேண்டாம். அன்ட்ராய்டு போனை வயரில் செருகி யூஎஸ்பி டெதரிங் போட்டால் இணையம் வந்துவிடும், பிறகு டிரைவர் மேனேஜரில் உரிய டிரைவரைத் தெரிவு செய்யலாம்.

டி டிரைவ் பத்திரம் என்று நம்புவது

இதற்குத்தான் இன்றும் எரிச்சல் வருகிறது. தம்பி ஆசையாக லினக்ஸ் போட்டுக் கொடுப்பான், அக்காவின் கலியாணப் படங்களும் அம்மா பாடசாலைக்குத் தயாரித்த வினாத்தாள்களும் ஒன்றாகப் போய்விடும். ஊருக்கு ஊர் இதே கதைதான்.

காரணம் விண்டோஸ் பழக்கம். கடையில் விண்டோஸ் மாற்றும்போது சி டிரைவை மட்டும் அழிப்பார்கள், டி டிரைவில் உள்ளவை அப்படியே இருக்கும். அதனால் முக்கியமானதெல்லாம் டி-யில் இருந்தால் போதும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். லினக்ஸை நிறுவும் மென்பொருளில் (நிறுவியில்) வரும் 'எரேஸ் டிஸ்க்' என்ற தெரிவு சி-யை மட்டும் குறிப்பதில்லை. சி, டி, ஈ எல்லாம் ஒரே டிஸ்க்கின் துண்டுகள், அந்தத் தெரிவு முழு டிஸ்க்கையும் அழிக்கும். கணினியில் விண்டோஸ் இருப்பது நிறுவிக்குத் தெரியாமல் போனால் விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸைப் போடும் 'அலாங்சைட்' என்ற தெரிவு வராது, அழிக்கும் தெரிவுதான் முதலில் நிற்கும். அவசரக்காரர்கள் அதைத்தான் அழுத்துகிறார்கள்.

எஸ்எஸ்டி என்றால் மீட்பதை மறந்துவிடலாம். புதிய கோப்பு முறைமையை உருவாக்கும்போதே பழைய பகுதிகளை விட்டுவிடும்படி டிஸ்க்குக்குக் கட்டளை போய்விடும். பழைய சுழலும் டிஸ்க் என்றால் கணினியை உடனே நிறுத்துங்கள். அந்த டிஸ்க்கில் மேலும் எதையும் எழுதாமல், வேறு கணினியில் பொருத்தி, கோப்புகளை மீட்கும் ஃபோட்டோரெக் மென்பொருளை ஓட்டினால் மேலெழுதப்படாத படங்கள் கொஞ்சம் கிடைக்கலாம், பெயர்கள் கிடைக்காது.

இன்னும் கொடியது, பேக்கப் எடுத்த வெளி டிஸ்க்கைச் செருகியபடியே நிறுவுவது. பட்டியலில் டிஸ்க்குகள் எஸ்டிஏ, எஸ்டிபி என்று நிற்கும், எது எதுவென்று பெயரைப் பார்த்துத் தெரியாது. அங்கே தவறினால் பேக்கப்பே போய்விடும்.

சரியான முறை இதுதான். வெளி டிஸ்க்குக்குப் பிரதி எடுத்து, வேறொரு கணினியில் நாலைந்து கோப்புகளைத் திறந்து பார்த்த பின் அதைக் கழற்றி அலுமாரியில் வையுங்கள். விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதுங்கள். விண்டோஸை முழுதாக மூடவிடாத ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்துங்கள், இல்லையேல் லினக்ஸில் இருந்து விண்டோஸ் பகுதியில் எழுத முடியாது. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி-யை 60 ஜிபி அளவு சுருக்கி, அந்த இடத்தை வெற்றாக விடுங்கள். ஒவ்வொரு பகுதியும் எத்தனை ஜிபி என்று குறித்துக்கொள்ளுங்கள்.

நிறுவியில், பகுதிகளை நாமே தெரிவு செய்யும் 'சம்திங் எல்ஸ்' எடுத்து, குறித்து வைத்த அளவைக் கொண்டு அந்த வெற்றிடத்தைக் கண்டுபிடித்து, அதை லினக்ஸ் கோப்பு முறைமையான இஎக்ஸ்டி4 ஆக, மவுன்ட் பாயின்ட் '/' (லினக்ஸ் நிறுவப்படும் இடம்) என்று கொடுங்கள். கணினியைக் கிளப்பும், நூறு முதல் சில நூறு எம்பி அளவுள்ள இஎஃப்ஐ பகுதியைப் பாவிக்க வேண்டும், ஆனால் அதன் 'ஃபார்மட்' பெட்டியில் அடையாளம் போடக்கூடாது. போட்டால் விண்டோஸ் கிளம்பாது. கடைசியாக எந்தப் பகுதிகள் ஃபார்மட் ஆகப்போகின்றன என்று ஒரு பட்டியல் வரும். அதில் நீங்கள் உருவாக்கிய பகுதி மட்டும்தான் இருக்க வேண்டும். வேறு எதுவும் இருந்தால் பின்னால் போங்கள்.

பாமினியை மறப்பது

ஆசிரியர் வீட்டுக் கணினி என்றால் இது நிச்சயம் வரும். பழைய தமிழ் எழுத்துருவான பாமினி, எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோட் குறியீடு அல்ல, ஆங்கில எழுத்துக் குறியீடுகளின் மேல் தமிழ் வடிவத்தை ஏற்றிய எழுத்துரு. அது இல்லாத கணினியில் பழைய வினாத்தாளைத் திறந்தால் ஆங்கில எழுத்துகள்தான் தெரியும், கோப்பு கெட்டுவிட்டது என்று பயந்துவிடுவார்கள். விண்டோஸை அகற்றும் முன் அதன் ஃபான்ட்ஸ் கோப்புறையில் இருந்து பாமினியை எடுத்து வையுங்கள். மின்டில் இரட்டைச் சொடுக்கில் நிறுவிக்கொள்ளலாம்.

மின்டில் வேர்டுக்குப் பதிலாக வரும் லிப்ரே ஆபிஸில் ஆட்டோகரெக்ட் அமைப்பில், வாக்கியத்தின் முதலெழுத்தைப் பெரிதாக்கும் வசதியை நிறுத்துங்கள். பாமினியில் சிறிய 'எம்' விசை 'அ', பெரியது 'ஆ'. நிறுத்தாவிட்டால் 'அம்மா' என்று அடிப்பது 'ஆம்மா' ஆகும்.

யுனிகோடில் அடிக்க ஐபஸ்-எம்17என் பொதியைப் போட்டால் ரெங்கநாதன், தமிழ்99, ஒலிப்பு முறை என்ற விசைப்பலகை முறைகள் மூன்றும் வரும்.

பிரிண்டரைக் கேட்காமல் விடுவது

எப்சன் இங்க் டேங்க் வகைகள் பெரும்பாலும் சிரமம் தராது. எச்பி லேசர்ஜெட் 1020-க்கு எச்பியின் டிரைவர் பொதியான எச்பிலிப்போடு அதன் பிளகின் என்ற துணைப் பொதியும் இணையத்தில் இருந்து இறங்க வேண்டும். கெனன் எல்பிபி 2900 வைத்திருப்பவர்கள் விண்டோஸையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

இடிமழை நேரத்தில் அப்டேட் போடுவது

ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் இங்கே எப்போது கரண்ட் போகும் என்று சொல்ல முடியாது. யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினியிலும் பேட்டரி செத்த லேப்டாப்பிலும் காலையிலேயே முடித்துவிடுங்கள். பாதியில் நின்று, கணினி கிளம்ப மறுத்தால் தொடக்கப் பட்டியலில் 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்', அதனுள் 'ரிகவரி மோட்', அங்கே 'டிபிகேஜி' என்ற வரியைத் தெரிவு செய்தால் அரைகுறையாக நின்ற பொதிகளை அதுவே சரிசெய்யப் பார்க்கும்.